ஆவாரைக்கு முனைவர் பட்டம்

ஆவாரையைப் போலப் பாக்கியம் செய்த செடி தமிழ்நாட்டில் வேறில்லை. கண்மாய்க் கரையிலும் ரயில் தண்டவாள ஓரத்திலும் கேட்பாரற்று நிற்கிற அதற்கு ஆய்விதழ்களில் என்ன மரியாதை! இலை சர்க்கரையைக் குறைக்குமாம், பூ புற்றுச்செல்லைக் கொல்லுமாம், பட்டை கிருமியை ஒழிக்குமாம். அதே ஆவாரை நிற்கிற புறம்போக்கைப் பதிவேட்டில் தேடுங்கள்: 'தரிசு'. ஆய்வகத்துக்குள் போனால் அருமருந்து, டெண்டருக்குள் போனால் அகற்றப்பட வேண்டிய புதர். ஒரே செடிக்கு இரண்டு ஜாதகம் எழுதி, இரண்டுக்கும் அரசாங்கப் பணத்தில் தட்சணை வாங்குகிற சோதிடர்கள் நாம்.

முதலில் ஆய்வகம். எந்தக் கல்லூரி என்று கேட்க வேண்டாம், எதுவானாலும் காட்சி ஒன்றுதான். இலையை அலசி, நிழலில் காயவைத்து, பொடித்து, காய்ச்சி வடித்த நீரில் கொதிக்க வைக்கிறார் ஓர் ஆய்வு மாணவி. வாட்மன் தாளில் வடிகட்டிய சாற்றை வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஊற்றுகிறார். வெளிர் மஞ்சள் மெல்ல மெல்லப் பழுப்பாகிறது. வெள்ளி நானோ துகள் பிறந்துவிட்டது! நிறமாலைமானியில் 420 நானோமீட்டர் பக்கம் ஒரு மேடு எழும்புகிறது. பெட்ரி தட்டில் ஈ.கோலையைத் தடவி அதன்மேல் ஒரு சொட்டு வைத்தால், மறுநாள் சொட்டைச் சுற்றிக் கிருமி இல்லாத வட்டம். அந்த வட்டத்தை ஸ்கேல் வைத்து மில்லிமீட்டரில் அளந்துவிட்டால் கட்டுரைக்கு முடிவுரையும் தயார்.

இதில் பொய் ஒன்றும் இல்லை. வெள்ளி கிருமியைக் கொல்லும் என்பது பழைய செய்தி. ஆவாரைக்குப் பதில் வேம்பு, வேம்புக்குப் பதில் முருங்கை, அதுவும் அகப்படாவிட்டால் வாழைத்தோல், எதைப் போட்டாலும் கரைசல் பழுக்கும். எலக்ட்ரான் தானம் செய்கிற பீனால் வகைச் சேர்மம் எந்த இலையில்தான் இல்லை? புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரியின் குழு 2003-இல் ஜெரேனியம் இலையையும் 2004-இல் வேப்பிலையையும் கொண்டு இதைச் செய்து காட்டியபோது அது கண்டுபிடிப்பு. இருபது வருடம் கழித்துச் செடியின் பெயரை மட்டும் மாற்றி மாற்றி எழுதுவது வாக்காளர் பட்டியல் திருத்தம்.

சாற்றில் எந்தச் சேர்மம் இந்த வேலையைச் செய்தது என்று கேட்டுப் பாருங்கள். 'பாலிபீனால்களும் ஃபிளேவனாய்டுகளும் காரணமாக இருக்கலாம்' என்று ஒரு வரி இருக்கும். ஆதாரம், அகச்சிவப்பு நிறமாலையில் தெரிகிற ஹைட்ராக்சில் தொகுதி. ஐயா, ஹைட்ராக்சில் தொகுதி சர்க்கரையிலும் இருக்கிறது, சாராயத்திலும் இருக்கிறது! சாற்றுக்குள் கலந்து கிடக்கிற எண்ணற்ற சேர்மங்களைப் பிரித்து, ஒவ்வொன்றையும் தூய்மையாக்கி, அமைப்பைக் கண்டறிந்து, எது மருந்து எது நஞ்சு என்று நிறுவுவதற்குப் பெயர்தான் தாவர வேதியியல். சீனத்தின் து யூயூ மலேரியா மருந்தைத் தேடியபோது, கொதிக்க வைத்தால் மருந்து கெடுகிறது என்று புரிந்துகொண்டு, குறைந்த வெப்பத்தில் ஈதரால் பிரித்தெடுத்தார். ஆர்ட்டிமிசினின் கிடைத்தது, 2015-இல் நோபலும் வந்தது. கொதிக்க வைக்காமல் விட்டது அவருடைய சாதனை. நம் ஊரில் கொதிக்க வைப்பதே சாதனை.

கட்டுரையின் கடைசிப் பத்தியில் கட்டாயம் ஒரு சத்தியவாக்கு வரும்: 'இத்துகள்கள் புற்றுநோய் மருந்தை இலக்குக்குக் கொண்டு சேர்க்கப் பயன்படும்.' கொண்டு சேர்க்கிற லட்சணத்தைப் பார்ப்போம். பத்தாண்டுகளில் வந்த விலங்குச் சோதனைகளைத் தொகுத்து டொரன்டோ பல்கலைக்கழகக் குழு ஒன்று 2016-இல் கணக்குப் போட்டது. ஊசி வழியே ஏற்றிய நானோ துகள்களில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது, இடைநிலை மதிப்பாக, 0.7 சதவீதம். ஏற்றிய துகள்களை வழியிலேயே மடக்கிப் பிடிப்பதில் கல்லீரலும் மண்ணீரலும் கைதேர்ந்தவை. ஏழைக்கு ஒதுக்குகிற ஒரு ரூபாயில் 15 பைசாதான் அவனுக்குப் போகிறது என்று 1985-இல் ராஜீவ் காந்தி சொன்னதை இன்றுவரை மேடைதோறும் சொல்லி வருந்துகிறோம். நானோ துகளோடு ஒப்பிட்டால் நம் தாலுகா அலுவலகம் தங்கம்.

மஞ்சளுக்கும் இதே கதிதான். குர்குமின் பற்றி 120-க்கும் மேற்பட்ட மருத்துவப் பரிசோதனைகள் நடந்தும், முறையான இருமறைவுச் சோதனை ஒன்றில்கூட அது தேறவில்லை என்று 2017-இல் வேதியியலாளர்கள் விலாவாரியாக எழுதினார்கள். நம்மவர்கள் அசரவில்லை. உடம்பில் உறிஞ்சப்படவில்லையா? நானோ குர்குமின் செய், லிப்போசோமில் அடை, சிட்டோசானில் சுற்று! வண்டியை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், ஏற்றுகிற சரக்கு சரக்குதானா என்று பார்க்க ஆளில்லை.

இது கல்லூரிச் சுவருக்குள் முடிகிற கூத்தாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். தட்டில் வளர்த்த செல் செத்ததும் துறைத்தலைவர் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிடுகிறார். மறுநாள் 'புற்றுநோய்க்கு ஆவாரம்பூ மருந்து' என்று நாலு பத்திச் செய்தி. தட்டில் இருக்கிற செல்லைப் பினாயிலும்தான் கொல்லும்! அந்தச் செய்தியைக் கத்தரித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கீமோவை நிறுத்திவிடலாமா என்று மருத்துவரிடம் கேட்கிற நோயாளிக்கு யார் பதில் சொல்வது? இதே மண்ணில் விளைகிற நித்தியகல்யாணி இலையிலிருந்து வருகிற வின்கிரிஸ்டின், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு அறுபது வருடமாக மருந்து. டன் கணக்கான இலையிலிருந்து கிராம் கணக்கில் பிரித்தெடுத்து, அளவு பார்த்து, நச்சுத்தன்மை பார்த்து, மனிதரில் சோதித்த பிறகே அது மருந்தானது. அந்த நீண்ட வழி நம்மவர்களுக்குத் தெரியாமல் இல்லை. அதற்குள் மூன்று பதவி உயர்வு போய்விடுமே என்ற கவலைதான்.

அந்த ஆய்வு மாணவியைக் குறை சொல்ல மாட்டேன். பட்டம் வேண்டுமானால் கட்டுரை வேண்டும் என்று 2009-இல் விதி செய்தது பல்கலைக்கழக மானியக் குழு. அடுத்த ஆண்டு ஆசிரியர்களுக்கும் மதிப்பெண் அட்டை வந்தது. எண்ணிக்கைக்குச் சம்பளம் என்றதும் எண்ணிக்கை விற்கிற கடைகள் திறந்தன. ஆசிரியர் வரிசையில் முதல் இடம் ஒரு விலை, நாலாம் இடம் ஒரு விலை. 2018-இல் தன் பட்டியலிலிருந்தே 4305 இதழ்களை மானியக் குழு நீக்கியது. தானே முத்திரை குத்திய சரக்கைத் தானே பறிமுதல் செய்கிற அதிகாரியைப் பார்த்திருக்கிறீர்களா? 2022-இல் அந்தக் கட்டுரை விதியையே கைவிட்டார்கள். ஆனால் ருசி கண்ட கல்லூரிகள் விடுமா? தரவரிசை இருக்கிறதே! 2023-இல் ஹிண்டாவி என்ற ஒரே பதிப்பகம் 8000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. கட்டுரை திரும்பிப் போனது. அதைக் காட்டி வாங்கிய பதவி உயர்வு திரும்பியதாகச் சேதி இல்லை.

இனி வெயிலுக்கு வருவோம். ஆவாரை, காரை, சூரை, விராலி, உடைமரம், இடையிடையே புல். இதுதான் நம் வறண்ட நிலத்துக் காடு. ஆட்டுக்கு மேய்ச்சல், காடைக்கும் முயலுக்கும் மறைவு, மண்ணுக்குப் பிடிமானம். நெடுநெடுவென மரம் இல்லாததால் அதிகாரி கண்ணுக்கு அது காலியிடம். பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்க வேண்டும் என்று மேலிடம் சொன்னதும் ஜேசிபி வருகிறது. இருக்கிற புதர்க்காட்டை வழித்தெடுத்து, அதே இடத்தில் 'குறுங்காடு' அமைக்கிறார்கள். ஈர ஜப்பானில் பிறந்த மியாவாக்கி முறைப்படி, சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்று. தண்ணீர்? லாரியில் வரும், திறப்பு விழா முடிகிறவரை. காட்டை அழித்துக் காடு வளர்த்ததற்குக் கல்வெட்டும் உண்டு.

சீமைக்கருவேலத்தைக் கேளுங்கள், அது விழுந்து விழுந்து சிரிக்கும். 2017-இல் நீதிமன்ற உத்தரவோடு மாவட்டம் மாவட்டமாக இயந்திரம் இறங்கியது. பிடுங்கிய இடத்தில் எதை விதைப்பது, எதைக் காப்பது என்று கேட்டவர் குறைவு. காய் தின்ற ஆடு போட்ட புழுக்கையில் விதை காத்திருந்தது. அடுத்த மழைக்கு அது மறுபடி முளைத்தது, மறுபடி டெண்டர் விடலாம்.

இங்கேதான் ஆராய்ச்சி வேண்டும். ஆவாரை விதையின் கெட்டித் தோலை வெந்நீரில் எத்தனை நிமிடம் ஊறவைத்தால் முளைக்கும்? எந்தப் புல்லோடு கலந்து, எந்த மழைக்கு முன் தூவ வேண்டும்? எத்தனை ஆடு மேய்ந்தால் தாங்கும்? மொட்டைச் செம்மண் மேட்டில் ஆரோவில்காரர்கள் பல பத்தாண்டு வரப்பு போட்டு, விதை தேடி, கோயில் காடுகளைப் பார்த்துப் பார்த்து உலர் பசுமைக் காட்டை மீட்டார்கள். அந்தப் பொறுமையை எந்தத் திட்ட அறிக்கையில் எழுதுவது? செடி நிலைக்கப் பத்து மழை வேண்டும், நிதி மூன்று வருடத்தில் முடியும். அந்த மாணவி விதை முளைப்புப் பற்றி ஆய்வு செய்கிறேன் என்று சொல்லிப் பார்க்கட்டும். 'இம்பாக்ட் ஃபேக்டர் இருக்காம்மா?' என்று நெறியாளர் கேட்பார், இலையைக் காய்ச்ச அனுப்புவார்.

மானியக் குழுவுக்கு என் பரிந்துரை இது. எந்தச் செடியைக் காய்ச்சிக் கட்டுரை எழுதினாரோ, அந்தச் செடியில் ஆயிரத்தை அதன் சொந்த நிலத்தில் அந்தப் பேராசிரியர் வளர்க்கட்டும். தண்ணீர் லாரி இல்லாமல் மூன்று கோடை தாண்டி எத்தனை நிற்கிறதோ அத்தனை மதிப்பெண். கிருமி வட்டத்தை அளந்த அதே ஸ்கேலால் கன்றின் உயரத்தை அளக்கலாம், புதுக் கருவிக்கு நிதி கேட்க வேண்டியதில்லை. கட்டுரை பாதியாகக் குறைந்தால் நோயாளிக்கு ஒரு நஷ்டமும் இல்லை, அவருக்கு இதுவரை ஒரு மாத்திரைகூட வரவில்லை. முடியாது என்றால், பொதுப்பணத்தில் வெள்ளி வாங்கிப் பொதுநிலத்துச் செடியைக் காய்ச்சுகிற இந்தப் பிழைப்புக்கு ஆராய்ச்சி என்ற பெயரையாவது விட்டுக்கொடுங்கள். அந்தப் பெயர், விதையோடும் வெயிலோடும் மல்லுக்கு நிற்கிற சிலருக்குத் தேவைப்படுகிறது.