'ரீஇட்டரேட்' என்னும் வினைச்சொல்லும் பினாங்குத் தேநீரும்

ஜார்ஜ் டவுனில் இயங்கிவரும் ஒரு சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், சந்தா பாக்கி வைத்திருக்கும் அங்கத்தினர்களை நோக்கி அதன் காரியதரிசி, "இதை நான் மீண்டும் ஒருமுறை, திரும்பவும், ரீஇட்டரேட் பண்ணிக்கொள்கிறேன்" என்று சொன்ன கணத்தில், அந்தப் பாக்கிதாரர்களில் ஒருவனாகப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்குச் சந்தாவைப் பற்றிய கவலை அடியோடு நீங்கி, அந்த வாக்கியத்தின் இலக்கணத்தைப் பற்றிய கவலை வந்து குடிகொண்டது. ஒரு செய்தியை இரண்டாம் தடவை சொல்ல எத்தனை சொற்கள் வேண்டும்? 'மீண்டும்' என்பது ஒன்று. 'திரும்பவும்' இரண்டு. 'ரீ' என்னும் லத்தீன் முன்னொட்டு மூன்று. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வருகிற 'இட்டரேட்' என்ற பகுதிக்கும் மறுபடி சொல்லுதல் என்பதே பொருளாதலின் அது நான்கு. இவ்வளவுக்கும், காரியதரிசி அந்த விஷயத்தைச் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

இவ்வினைச்சொல்லின் ஜாதகத்தைக் கணித்துப் பார்க்க வேண்டும் என்ற ஆவல் எனக்கு அன்றே உண்டாயிற்று. ஆங்கில அகராதிகளைப் புரட்டுவோர் அங்கே ஒரு விபரீதத்தைக் காண்பார்கள். 'மறுபடி சொல்' என்று மட்டும் பொருள்படும் 'இட்டரேட்' ஆங்கிலத்தில் தலைகாட்டியது பதினாறாம் நூற்றாண்டில்; 'மறுபடியும் மறுபடி சொல்' என்று பொருள்பட வேண்டிய 'ரீஇட்டரேட்' அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னதாகவே அங்கே வந்து உட்கார்ந்திருந்தது. தகப்பன் பிறப்பதற்கு முன்பே பிள்ளை பிறந்து, வீட்டைப் பெருக்கி, திண்ணையில் பாய் விரித்துக் காத்திருந்தாற்போன்ற இந்த அதிசயத்துக்குச் சமாதானம் இல்லாமல் இல்லை. இரண்டு சொற்களும் லத்தீனிலேயே இருந்தவை, கப்பல் ஏறின வரிசைதான் மாறிப்போயிற்று.

இனி வேரைக் காண்போம். லத்தீனில் 'இட்டெரும்' என்றால் 'மறுபடி'. இதற்கும் வடமொழியில் 'மற்றொன்று' என்று பொருள்படும் 'இதர' என்ற சொல்லுக்கும் வேர் ஒன்றே என்பது மொழிநூலார் ஒப்புக்கொண்ட செய்தி. 'இதர' நமக்கு அந்நியமான சொல் அன்று. கோயில் கணக்கானாலும் கல்யாணக் கணக்கானாலும், எந்தத் தலைப்பிலும் அடங்காமல் எஞ்சி நிற்கும் தொகையை எல்லாம் கடைசி வரியில் தள்ளி மூடுகிறோமே, அந்த 'இதர செலவுகள்' என்பதில் இருக்கிற 'இதர'தான் அது. நம் காரியதரிசி வாயால் சொன்ன 'ரீஇட்டரேட்'டும், அவர் கையொப்பமிட்ட அறிக்கையின் இறுதியில் கண்ட 'இதர செலவுகள்' என்பதும் பங்காளிகள் என்பதை அந்தச் சபையில் நான் எழுந்து வெளியிட்டிருந்தால், விவாதம் வேறு திசையில் போயிருக்கும். சந்தா பாக்கி இருந்தமையால் எழவில்லை.

இந்தப் பங்காளி உறவிலிருந்து பெறப்படுவது யாது? ஒன்றை மறுபடி செய்தல் என்பது, சொல்லின் பிறப்பிலேயே, மற்றொன்றைச் செய்தலாக இருந்திருக்கிறது. சொன்னதைச் சொன்னவன் வேறொன்றைச் சொன்னவன் ஆகிறான். இதுவே இவ்வாராய்ச்சியின் பிரமேயம். இதற்கு மாறாக, சாதாரண ஜனங்கள் வழங்கும் 'ரிப்பீட்' என்னும் சொல்லின் உள்ளே இருக்கும் லத்தீன் வினைக்குத் தேடிச் செல்லுதல், மேல்விழுதல் என்பன பொருள். கடன் வசூலிக்க வந்தவன் மறுநாளும் வாசலில் நிற்பதே அதன் சரியான சித்திரம். நம் தமிழோ இரண்டு வழிக்கும் போகாமல், 'திரும்ப', 'மீண்டும்' என்று, போன கால் போன வழியே வருவதைச் சொல்லி அமைகிறது. மலாய்மொழியின் 'ஊலாங்' இதற்கு அண்டைவீட்டுச் சொல். பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் நாள்தோறும் ஃபெர்ரியில் போய்வருகிறவர் செய்வது 'ஊலாங் ஆலிக்'. ஆண்டு திரும்பி வந்தால் 'ஊலாங் தாஹூன்'.

பூர்வபக்ஷத்தைச் சொல்லாமல் மேலே போவது சாஸ்திர சம்மதம் அன்று. தொல்காப்பியர் நூலுக்குரிய குற்றங்கள் பத்தினை வகுத்தபோது அவற்றுள் முதலாவதாக வைத்தது 'கூறியது கூறல்'. பின்வந்த நன்னூலார் அதை மூன்றாம் இடத்துக்கு இறக்கினாராயினும் பட்டியலினின்று எடுத்துவிடவில்லை. வடநாட்டுத் தர்க்கவாதிகள் இன்னும் கடுமையானவர்கள். வாதத்தில் ஒருவன் தோற்றான் என்று முடிவு கட்டுவதற்குரிய இருபத்திரண்டு ஸ்தானங்களை நியாய சூத்திரம் எண்ணுகிறது; 'புனருக்தம்', அதாவது சொன்னதைச் சொல்லுதல், அவற்றுள் ஒன்று. ஆனால் அதே சூத்திரம் ஒரு விலக்கும் அளிக்கிறது: பிரயோஜனத்தோடு மறுபடி சொன்னால் அது தோல்வி ஆகாது, அதற்கு 'அநுவாதம்' என்று பெயர். இந்த 'அநுவாத'மே இக்காலத்து வடநாட்டு மொழிகளில் மொழிபெயர்ப்புக்குப் பெயராகிவிட்டது என்பதை வாசகர் தயவு செய்து மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இனி வரப்போகும் சித்தாந்தம் முழுவதும் அந்த ஒரு சொல்லில் தொங்குகிறது.

சித்தாந்தத்தை நிரூபிக்க நான் தேர்ந்துகொண்ட ஆய்வுக்கூடம், குவீன் தெருவில் 1833ஆம் ஆண்டில் எழுந்த மகாமாரியம்மன் கோயிலிலிருந்து பொடிநடையாகப் போனால் ஒரு சுருட்டு அணைவதற்குள் சேரக்கூடிய ஒரு தேநீர்க் கடை. காலை எட்டு மணி. வெள்ளைப் பளிங்குக்கல் மேஜை. அதன்மேல் முந்தின ஆளின் கிளாஸ் விட்டுப்போன ஈர வட்டம். பரிமாறும் பையன் தோளில் கிடந்த துணியால் அந்த வட்டத்தை அழிப்பதாக எண்ணி மேஜை முழுவதற்கும் பரப்பிவிட்டு, "தண்ணி என்ன, அங்கிள்?" என்று கேட்டான். இந்நாட்டில் 'தண்ணி' என்பது குடிநீர் அன்று, குடிக்கும் சகலமும் என்பதை அறியாத தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் என்னுடன் இருந்தார். அவர், "தம்பி, பால் டீ ஒன்று, சர்க்கரை வேண்டாம், சூடு கொஞ்சம் ஆறட்டும்" என்றார்.

பையன் கழுத்தை மட்டும் பின்புறம் திருப்பிக் குரல் கொடுத்தான்: "தே சி கோசோங் சத்து!"

தண்ணி கலக்குபவர், இரண்டு குவளைகளுக்கிடையே ஒரு முழ நீளத்துக்குத் தேநீரை இழுத்துக்கொண்டிருந்தவர், தலை நிமிராமல், "சி கோசோங் சத்து" என்றார்.

சற்று நேரம் கழித்துக் கல்லாவில் இருந்தவர் சீட்டெழுதிக்கொண்டே முணுமுணுத்தது: "சி சத்து."

மூன்று வாய்கள், ஒரே வாக்கியம், என்று மேலோட்டமாகப் பார்ப்பவன் சொல்லுவான். ஆராய்கிறவன் அப்படிச் சொல்ல முடியாது. பையன் செய்தது புனருக்தம் அன்று. சுத்தமான அநுவாதம், அந்தச் சொல்லின் இரண்டு அர்த்தத்திலும். நண்பர் தமிழில் சொன்னதை அவன் ஏறத்தாழ மூன்று பாஷைகளில் பெயர்த்தான். 'தே' ஹொக்கியன் சீனரின் சொல். ஆங்கிலேயர் தங்கள் 'டீ'யையும் அங்கிருந்துதான் கொண்டுபோனார்கள். 'கோசோங்' என்பது வெறுமையைக் குறிக்கும் மலாய். இங்கே சீனியின் வெறுமை. 'சத்து'வும் மலாய், ஒன்று என்பது பொருள். இடையில் நிற்கும் 'சி' என்ற ஒற்றை எழுத்து, கார்னேஷன் என்னும் டின்பாலின் ஆங்கில முதலெழுத்து என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். சீனி கலந்த கெட்டிப்பாலை ஊற்றிவிட்டு அதன்பின் சர்க்கரை வேண்டாம் என்பதில் அர்த்தமில்லையாகையால், இனிப்பற்ற டின்பாலுக்கு வாடிக்கையாளரை மாற்றிவிட்டது பையனுடைய சொந்தத் தீர்மானம். கேட்டவர் கேளாததும் அதில் சேர்ந்தது. கேட்டதில் ஒன்று, அந்த 'சூடு ஆறட்டும்' என்பது, சேராமல் போயிற்று. நண்பரின் நாக்கு அதை உடனே உணர்ந்தது.

கல்லாக்காரருடைய மூன்றாம் கூற்றில் சர்க்கரை விவகாரம் முழுவதுமே மறைந்து, விலைக்கு வேண்டிய இரண்டு சொற்கள் மட்டும் எஞ்சின. ஆக நண்பருடைய கூற்று ஒரு விருப்பம், பையனுடையது ஓர் உத்தரவு, அதற்குத் தண்ணி கலக்குபவர் தந்த எதிரொலி ஓர் உறுதிமொழி, கல்லாவில் எழுந்தது ஒரு கடன். ஒவ்வொன்றும் மற்றொன்று, ஒவ்வொன்றும் 'இதர'. நண்பருக்கு மட்டும் வேறொரு வியாக்கியானம் தோன்றியிருந்தது. 'சத்து' என்று இத்தனை தடவை சொல்கிறார்களே, இங்கே தேநீரில் ஏதோ போஷாக்குப் பொருள் கலக்கிறார்கள் போலும் என்று நம்பி, அவர் இரண்டாவது கிளாஸும் வாங்கிக் குடித்தார். அவருக்கு நான் உண்மையைச் சொல்லவில்லை, உடம்புக்கு நல்லதுதானே.

மறுபடி சொன்னது மற்றொன்றாகிறது என்னும் உண்மையை மலாய்மொழி இலக்கணமாகவே ஆக்கி வைத்திருக்கிறது. 'குலா' என்றால் சீனி. அதையே இரட்டித்து 'குலா-குலா' என்றால் சீனி மூட்டை இரண்டு அன்று, குழந்தைகள் தின்னும் மிட்டாய். 'லாஙித்' வானம், 'லாஙித்-லாஙித்' வீட்டின் உட்கூரை. 'ஹாத்தி' நெஞ்சம், 'ஹாத்தி-ஹாத்தி' என்றால் ஜாக்கிரதை. 'மாத்தா' கண், 'மாத்தா-மாத்தா' என்று பழைய காலத்தில் அழைக்கப்பட்டவர் போலீஸ்காரர். இவரைக் காட்டிலும் பொருத்தமான உதாரணம் கிடைக்காது: ஒரு கண் இருக்கிற இடத்தில் இன்னொரு கண்ணையும் வைத்தவுடனே அங்கே பார்வை விலகி அதிகாரம் வந்துவிடுகிறது. பன்மைக்கும் இரட்டிப்பதுண்டு; நம் 'கடை' அங்கே குடியேறி 'கெடாய்' ஆகி, பல கடைகள் என்று சொல்ல வேண்டும்போது 'கெடாய்-கெடாய்' என்று தன்னைத்தானே கூவி அழைக்கிறது.

இத்தனையையும் கையால் எழுதுவது சிரமம் என்று கண்ட மலாய்க்காரர்கள், சொல்லை ஒரு தடவை எழுதிப் பக்கத்தில் '2' என்னும் எண்ணைப் போட்டு முடித்தார்கள்; 'குலா2' என்றால் மிட்டாய். உலகத்தில் கூறியது கூறலுக்கு இதனினும் சிக்கனமான வழி கண்டுபிடிக்கப்படவில்லை. 1972ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தம் இந்த எண்ணை ஆசார எழுத்திலிருந்து விலக்கியது. பள்ளிக்கூடம் கேட்டது, ஜனங்கள் கேட்கவில்லை. கைத்தொலைபேசியில் செய்தி அனுப்பும் பிள்ளைகள் அந்த '2'ஐ இன்றும் விடாமல் வைத்திருக்கிறார்கள்.

நாமும் இவ்விஷயத்தில் ஏழைகள் அல்லர். 'மேற்படி' என்பதற்கென்றே '௸' என்று தனிக்குறி ஒன்றைத் தமிழ்க் கணக்கர்கள் வைத்திருந்தார்கள். பழைய பேரேட்டிலும் பத்திரத்திலும், மேலே கண்ட நபர், மேலே கண்ட ஊர் என்று வரிந்து வரிந்து எழுத வேண்டிய இடத்தில் எல்லாம் அந்த ஒரு சுழி போதுமானதாக இருந்தது. ஆங்கிலேயரின் 'டிட்டோ'வும் இத்தாலியில் 'சொல்லப்பட்டது' என்ற பொருளோடு பிறந்த சொல்தான். எனினும் நம் கணக்கரின் சுழிக்கு இருக்கும் கம்பீரம் டிட்டோவுக்காக இடும் அந்த இரண்டு மேற்கோள் துளிகளுக்கு இல்லை என்பது என் அபிப்பிராயம். இதில் பாரபட்சம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

எத்தனை முறை சொல்லலாம் என்பதற்கும் நம்மிடம் வரம்பு உண்டு. விரைவு பற்றி ஒரு சொல்லை அடுக்குவதானால் மூன்று முறைக்கு மேற்படலாகாது, இசை நிரப்புவதற்கானால் நான்கு என்று தொல்காப்பியர் அளந்து வைத்துவிட்டார். 'தீ' என்று மூன்று தடவை கூவலாம். அதற்கு மேல் கூவுகிறவன் தண்ணீர் கொண்டுவரப் போயிருக்க வேண்டும் என்பது கருத்துப் போலும். காலைக் கடையில் நான் எண்ணிப் பார்த்ததில் 'கோசோங்' இரண்டு தடவையும் 'சத்து' மூன்று தடவையும் ஒலித்தன. எதுவும் விரைவின் வரம்பைத் தாண்டவில்லை. சங்கத்துக் காரியதரிசியோ ஒரே வாக்கியத்தில் நாலு போட்டார். அவருக்குச் சந்தா அவசரமாக இருந்திருக்குமானால் மூன்றோடு நின்றிருப்பார். நாலாவதை இசைக்காகச் சேர்த்தார் என்றே கொள்ள வேண்டியிருப்பதால், பாக்கியை நான் இன்னும் கட்டவில்லை.

இவ்வாராய்ச்சியால் பினாங்குக்கு வருகிற வெளியூர் வாசகருக்கு உடனடியாகப் பயன்படக்கூடிய செய்தி ஒன்று உண்டு. 'பினாங்' என்னும் பெயரை இந்நகரம் தன் வீதிகளுக்கு இரண்டு தடவை இட்டிருக்கிறது. 'லெபோ பினாங்' எனப்படும் பினாங்குத் தெரு, புடவைக் கடையும் பூக்கடையும் நிறைந்த நம் தமிழர் வட்டாரத்தில் இருக்கிறது. 'ஜாலான் பினாங்' எனப்படும் பினாங்கு ரோடு, சௌராஸ்தா மார்க்கெட் இருக்கும் பக்கம். பெயர் ஒன்று, இடம் வேறு. டாக்சியில் ஏறுமுன் ஓட்டுநரிடம் இரண்டு தடவை சொல்லுங்கள். அவர் அதைத் திருப்பிச் சொல்லும்போது முதற்சொல்லை மட்டும் காது கொடுத்துக் கேளுங்கள்.