ஸ்க்ரோல் ரம்பமும் அதன் தொண்டர்களும்

மரத்தை அறுப்பதற்கென்று மனிதர் படைத்த இயந்திரங்களுள், மிகக் குறைவாக அறுத்து மிக அதிகமான கவனிப்பைக் கோருவது ஸ்க்ரோல் ரம்பம். மேசை எனப்படும் இரும்புத் தட்டு, அதன் நடுவே ஒரு சிறு துளை, அத்துளையின் ஊடாக மேலும் கீழுமாக ஓடும் ஐந்து அங்குல நீளப் பிளேடு, அதன் இரு நுனிகளையும் பற்றிக்கொள்ளும் மேல் கை ஒன்று, கீழ்க் கை ஒன்று என அதன் உடலமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வட்ட ரம்பம் கண்மூடித் திறப்பதற்குள் பிளந்து தள்ளும் பலகையை இது மெல்ல மெல்லத்தான் கடக்கிறது என்றாலும், கொடியின் சுருள், எழுத்தின் சுழி, பறவையின் இறகு போன்றவற்றில் இது காட்டும் நெளிவு வேறு எந்த மின்ரம்பத்துக்கும் கைவராது. இதைப் பொழுதுபோக்காகக் கொண்ட அமெரிக்கர்களும் ஐரோப்பியர்களும் தங்கள் ஓய்வுநேரத்தை மரத்துக்கும் ரம்பத்துக்குமாகப் பங்கிடுகிறார்கள் என்பதும், அனுபவம் ஏற ஏற அந்தப் பங்கீட்டில் ரம்பத்தின் கையே ஓங்குகிறது என்பதும் ஆராய்ச்சிக்கு உரியவை.

இக்கலையின் குலமரபு சாமானியமானதன்று. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் அரண்மனைக்கு மரச்சாமான்கள் செய்தளித்த ஆந்த்ரே சார்ல் பூல் (1642–1732), ஆமையோட்டுத் தகட்டையும் பித்தளைத் தகட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மெல்லிய கைரம்பத்தால் ஒருசேர அறுத்து, ஆமையோட்டின் இடைவெளியில் பித்தளையையும் பித்தளையின் இடைவெளியில் ஆமையோட்டையும் பதித்தார். இதனால் ஒரே அறுப்பில் இரண்டு அலமாரிகளுக்கான அலங்காரம் தேறியது. லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் 1760-களில் நிலப்படங்களைப் பலகையில் ஒட்டி, எல்லைக்கோடுகளின் வழியே அறுத்துச் சிறுவர்களுக்கான புவியியல் பாடமாக விற்றார். இன்றைய ஜிக்சா புதிரின் மூதாதை அதுவே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இல்லினாய் மாநிலத்து ராக்ஃபோர்டு நகரின் பார்ன்ஸ் நிறுவனம் காலால் மிதித்து ஓட்டும் ரம்பங்களைச் செய்தது. இருக்கையில் அமர்ந்து, சைக்கிளைப் போல இரு கால்களாலும் மிதிக்கும் வகையும் அவற்றுள் உண்டு. எங்கும் போய்ச் சேராத சைக்கிளை மிதித்து வியர்ப்பதற்கு இக்காலத்தவர் மாதச் சந்தா கட்டுகின்றனர். அக்காலத்தவருக்கோ அதே வியர்வையில் சுவரில் மாட்ட ஒரு சட்டமாவது மிஞ்சியது. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியிலுள்ள டீரம் என்னும் சிறுநகரிலிருந்து 1895-இல் வெளிவரத் தொடங்கிய ‘ஹாபீஸ்’ வார இதழ், மாதிரிப் படங்களை வழங்கி இப்பழக்கத்தை வீடுதோறும் பரப்பியது. 1930-களின் பொருளாதார மந்தத்தின்போது, அமெரிக்காவில் வேலையிழந்த கைவினைஞர் சிலர் வீட்டுப் பட்டறையில் புதிர்களை அறுத்து விற்றும் வாடகைக்கு விட்டும் பிழைத்தனர். ஆக, இந்த ரம்பம் ஒருகாலத்தில் சிலருக்குச் சோறும் போட்டிருக்கிறது. இன்று அது பெரும்பாலும் சாப்பிடும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது.

அவ்வாறு அது உண்பவற்றுள் முதலாவது பிளேடு. பிளேடுகள் 2/0 என்னும் மயிரிழை அளவிலிருந்து 12 வரை எண்ணிடப்படுகின்றன. பரவலாகப் பயன்படும் 5-ஆம் எண் பிளேடின் அகலமே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான், கனமோ அதில் பாதிகூட இல்லை. கடின மரத்தில் அரை மணி நேரம் உழைத்தாலே மழுங்கிவிடக்கூடிய இதைத் தீட்டிப் பயன்படுத்துவார் இல்லை; டஜன் கணக்கிலும், 144 கொண்ட கிராஸ் கணக்கிலும் வாங்கி, முறிய முறிய மாற்றுவதே வழக்கம். தானாக நிற்கக்கூடத் திராணியற்ற இந்த எஃகு இழையை மரத்தின் எதிரே நிமிர்ந்து நிற்கச் செய்வது இழுவிசை ஒன்றுதான். இழுவிசை போதுமா என்பதை அறிய, தேர்ந்தவர் பிளேடை விரலால் சுண்டி, கணீரென்று ஒலிக்கிறதா என்று காதைச் சாய்த்துக் கேட்பார்; பட்டறை வாசலில் நிற்பவருக்கு அவர் அறுக்கப் போகிறாரா பாடப் போகிறாரா என்ற ஐயம் எழுவது இயல்பே.

அது உண்பவற்றுள் இரண்டாவதான நேரம் இன்னும் முக்கியமானது. பலகையின் ஓரத்தைத் தொடாமல் அதன் உட்புறத்தில் ஒரு வடிவத்தை வெட்டி எடுப்பதற்கு உள்ளறுப்பு என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். இதற்கு முதலில் டிரில்லால் சிறு துளை இட வேண்டும். பிறகு பிளேடின் மேல் பிடியைத் தளர்த்தி, பலகையைத் தூக்கி, துளையில் பிளேடைக் கோத்து, மீண்டும் பிடியில் மாட்டி, முறுக்கேற்றி, அறுத்து முடித்ததும் இவ்வளவையும் தலைகீழ் வரிசையில் செய்ய வேண்டும். நூறு இடைவெளிகள் கொண்ட ஒரு பூவேலைச் சட்டத்தில் இச்சடங்கு நூறு தடவை நிகழும். அரிசியளவு இடைவெளியை அறுக்கச் சில விநாடி போதும். பிளேடைக் கழற்றி மாட்டுவதற்கோ அதைப் போல் பல மடங்கு நேரமாகும். ஆகையால் இக்கலைஞரை அறுப்பவர் என்பதைக் காட்டிலும் மாட்டிக் கழற்றுபவர் என்பதே பொருந்தும். பராமரிப்பு என்பது இங்கே வேலைக்கு முன்னும் பின்னும் வரும் துணைக்காரியம் அன்று. வேலையின் பெரும்பகுதியே அதுதான். இந்த உண்மையை உணர்ந்தவரே நாளடைவில் மரத்தை விட்டுவிட்டு ரம்பத்தைப் பற்றிக்கொள்கிறார்.

புதிதாக வாங்கியவரை வாட்டும் முதல் துயரம், ரம்பம் கோட்டின் மேல் போக மறுப்பதாகும். நேராகத் தள்ளப்பட்ட பலகையில் அறுப்பு ஒரு பக்கமாக ஒதுங்கும். தயாரிப்பின்போது பிளேடின் ஒரு பக்கத்தில் தங்கிவிடும் கண்ணுக்குத் தெரியாத பிசிறு அந்தப் பக்கத்தைக் கூடுதல் கூர்மையாக்கிவிடுவதே இதற்குக் காரணம். பலகையைச் சில பாகை சாய்த்துத் தள்ளினால் அறுப்பு நேராக வரும். நேர்வழிக்குக் கோணலாகத்தான் போக வேண்டும் என்னும் இந்த ஏற்பாட்டுக்குக் கை பழகச் சில வாரங்கள் ஆகலாம். மனம் பழக அதைவிடக் கூடுதலாகும்.

இனிப் பராமரிப்பு. மேசைக்குப் பிளேடு செங்குத்தாக நிற்கிறதா என்பதை மூலைமட்டம் வைத்துப் பார்ப்பவர் தொடக்கநிலையினர். கரைகண்டவர் கனமான மரத்துண்டு ஒன்றின் விளிம்பில் மெல்லியதொரு வெட்டு இட்டு, அத்துண்டைப் பிளேடின் பின்புறத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பி வைத்து, அதே வெட்டினுள் பிளேடின் முதுகு உரசாமல் நுழைகிறதா என்று பார்ப்பார்; மேசை சிறிது சாய்ந்திருந்தாலும் அந்தச் சாய்வு திருப்பலில் இரட்டிப்பாகி, பிளேடு உள்ளே போக மறுத்துவிடும். பிடிகளில் எண்ணெய் படிந்தால் பிளேடு வழுக்கி விடுபடுமாதலால் பிடியின் தாடைகளை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். மேசையில் பலகை தங்குதடையின்றித் திரும்ப மெழுகு பூச வேண்டும். கைகளின் பேரிங்குகளுக்கு எண்ணெய் விட வேண்டும். வெட்டுக்கோட்டின் மேல் விழும் மரத்தூளை ஊதித் தள்ளுவதற்கென்று அமைந்த சிறு ரப்பர் துருத்தி வெடித்துவிட்டால், உரியவரே குனிந்து வாயால் ஊத நேரும். தூளில் பாதி கோட்டை விட்டு நீங்கி மூக்குக் கண்ணாடியில் குடியேறும். இவ்வளவும் செம்மையுற்றதைச் சான்றுபடுத்த ஒரு தேர்வும் உண்டு. ரம்பத்தை முழு வேகத்தில் ஓடவிட்டு, மேசையின் மேல் ஒரு நாணயத்தை விளிம்பில் நிறுத்துகிறார்கள். நாணயம் சாயாமல் நின்றால் பட்டறையில் கொண்டாட்டம்தான். மரம் அறுக்கும் கருவியின் பெருமை, மரமே இல்லாத மேசையில் காசு நிற்பதில் போய் முடிந்ததைக் கண்டு அங்கே எவரும் வியப்பதில்லை.

இந்நோய் முற்றிய நிலையே பழைய ரம்பங்களைத் தேடிப் புதுப்பித்தல். இன்றைய ரம்பங்களில் மேல் கையும் கீழ்க் கையும் சேர்ந்தே அசைந்து பிளேடின் முறுக்கைச் சீராக வைத்துக்கொள்கின்றன. மில்வாக்கி நகரத்து டெல்டா நிறுவனத்தின் பழைய 24 அங்குல வார்ப்பிரும்பு ரம்பம் போன்றவற்றிலோ மேல் கை அசையாது. கீழே எண்ணெய்த் தொட்டியில் முழுகிய கிராங்க் பிளேடைக் கீழே இழுக்க, மேலே குழலுக்குள் இருக்கும் ஸ்பிரிங் அதை மேலே இழுத்துக்கொள்ளும். இத்தகைய இரும்புப் பாரத்தை வேறொரு மாநிலத்திலிருந்து தருவிப்பவருக்குச் சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம். வந்திறங்கியதும் அதைத் திருகு திருகாகப் பிரித்து, துருவேறிய பாகங்களை வினிகரிலோ, சலவைச் சோடா கரைத்த நீரில் மின்சாரம் பாய்ச்சியோ ஊறவைத்து, தொட்டியின் அடியில் தாராகிப்போன எண்ணெயைச் சுரண்டி, ஆலையின் ஆதிச் சாம்பல் நிறம் எது என்று தம்மையொத்தவர்களோடு வாதாடி, கடைசியில் பூட்டி நிமிரும்போது ஒரு வாஷர் மேசையில் மிஞ்சியிருக்கும். பிறகு அதன் பாகங்களைக் கடைந்து சீராக்க லேத் ஒன்று வேண்டியிருக்கும். லேத்துக்கு இடம் வேண்டிக் கார் தெருவுக்கு இடம்பெயரும். கோவணத்தை எலியிடமிருந்து காக்கப் பூனையும், பூனைக்குப் பாலூட்டப் பசுவும் வளர்த்துக் கடைசியில் குடும்பஸ்தரான சந்நியாசியின் வரலாறு இங்கே இரும்பில் வார்க்கப்பட்டிருக்கிறது.

இதை வீண்செலவு என்று ஒதுக்கிவிடுவதும் நியாயமன்று. பெரும்பாட்டன் காலத்து இயந்திரம் ஒன்று பழைய இரும்புக் கடைக்குப் போகாமல் இன்றும் ஓடுவது, அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த இவர்களால்தான். உற்பத்தி நின்றுபோன உதிரிபாகத்தைத் தாமே செய்து, முன்பின் அறியாதவருக்கும் அனுப்பிவைக்கும் பெருந்தன்மையும் இவர்களிடையே உண்டு. குறை ஒன்றே. ரம்பம் வாங்கிய நாளில் வீட்டாருக்கு வாக்களிக்கப்பட்ட பெயர்ப்பலகை பெரும்பாலும் காகிதத்தில் வரைந்த நிலையிலேயே இருக்கிறது; கேட்டால், துருத்தி வர வேண்டும், முறுக்கு இன்னும் சரியாகவில்லை, பெல்ட் ஓசையிடுகிறது என விடை வருகிறது. ஆகவே, வாசலுக்குப் பெயர்ப்பலகை வேண்டுவோர் அதைக் கடையில் வாங்கிக்கொள்வது உத்தமம். ஸ்க்ரோல் ரம்பம் வைத்திருப்பவரிடம் அதைப் பற்றிக் கேளாதிருப்பது உத்தமோத்தமம்.