ஆறடி போலீஸும் நாலு குஷனும்

நவீனக் கட்டடக்கலையின் பிதாமகர் லெ கார்புசியேவுக்கு 1940-களில் ஓர் ஆசை வந்தது. சின்ன ஆசைதான். நாற்காலி முதல் நகரம் வரை எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒரே அளவுகோலை மனித உடம்பிலிருந்தே எடுத்துவிட வேண்டும். பெயரும் வைத்தாயிற்று: மாடுலர்.

மனிதன் என்றால் ஆண்தான், அதில் என்ன சந்தேகம்! முதலில் 175 சென்டிமீட்டரில் ஒரு பிரெஞ்சுக்காரரை நிறுத்திப் பார்த்தார். அடி, அங்குலத்துக்கு மாற்றினால் கணக்கு இடித்தது. கூட இருந்த ஒருவர் வழி சொன்னார்: இங்கிலீஷ் துப்பறியும் நாவல்களில் வருகிற அழகான ஆண்கள், உதாரணமாகப் போலீஸ்காரர்கள், எப்போதும் ஆறடிதானே?

சத்தியமாக நான் இட்டுக்கட்டவில்லை, சார். கார்புசியேவே தன் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். ஆக, மனித குலத்தின் உயரம் 183 சென்டிமீட்டர். அதை ஐன்ஸ்டீனிடம் காட்டி ஷொட்டும் வாங்கிவிட்டார். ஐன்ஸ்டீனே ஆறடி இல்லை என்பதை இருவரும் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

ஆறடி ஆள் கையைத் தூக்கினால் 226 சென்டிமீட்டர். 1952-இல் மார்செய் நகரில் முடிந்த அவருடைய பிரம்மாண்ட அடுக்குமாடியில் சீலிங்கின் உயரமும் அதேதான். நம்ம போலீஸ்காரர் சோம்பல் முறித்தால் விரல் நுனி சரியாகப் போய் முட்டும். நாள் முழுக்க அங்கே புழங்குகிற பெண்மணிக்கு எது எட்டும்? பிற்பாடு அவர் ஆபீஸில் ஒருவர், பாவம் பார்த்து, அளவுகோலில் ஒரு பெண்ணை வரைந்தார். அவளுக்கும் 183! பெரியவருக்கே நடுக்கம் எடுத்துவிட்டது.

இதே ஆறடிக்காரரைச் சண்டிகர் நகரம் கட்டவும் கூட்டி வந்தார். பஞ்சாபாகப் போயிற்றோ, பிழைத்தார்!

மார்செய் வீட்டுச் சமையலறைக்கு மாதிரி போட்டுக் கொடுத்தவர் மட்டும் ஷார்லட் பெரியான் என்ற பெண். அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே சுவருக்குப் பதில் ஒரு மேடை வைத்தார். வதக்கிக்கொண்டே வீட்டாரோடு வம்பளக்கலாம். இன்றைக்கு ஃப்ளாட் விளம்பரங்களில் ‘ஓப்பன் கிச்சன்’ என்று ஏதோ நேற்றுக் கண்டுபிடித்ததுபோல விற்கிறார்களே, அதேதான்.

இந்தப் பெரியான் 1927-இல் முதல்முதலாக வேலை கேட்டுப் போனபோது, குஷனில் பூ வேலை செய்வதெல்லாம் இங்கே கிடையாது என்று திருப்பி அனுப்பியவர் வேறு யாருமில்லை, நம்ம பிதாமகர்தான். சில வாரத்தில் அம்மணி ஒரு கண்காட்சியில் வைத்திருந்த ஸ்டீல் மது பாரைப் பார்த்து வாய் பிளந்து, அவரே கூப்பிட்டு வேலை கொடுத்தார்.

அடுத்த வருஷமே பெரியான் கையும் சேர்ந்து அந்த ஆபீஸிலிருந்து ஒரு சோபா நாற்காலி பிறந்தது. உலகப் புகழ். பெரிய கம்பெனி லாபிகளில் நீங்களும் உட்கார்ந்திருக்கலாம். பளபளக்கிற ஸ்டீல் சட்டம். அதற்குள் கொழுகொழுவென்று திணித்திருப்பது அத்தனையும் குஷன்.

பூ வேலை இல்லை. வாஸ்தவம்தான்.