ஓடாமலே ஓடும் 'ரன்'

ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியின் பீட்டர் கில்லிவர் ஒன்பது மாதம் மல்லுக்கட்டி, 'ரன்' என்ற வினைச்சொல்லுக்கு 645 பொருள்களைப் பெற்றெடுத்தார். (பிரசவக் கணக்கு சரிதான்.) 1989 பதிப்பில் 430 பொருளோடு ஜம்பமாக வீற்றிருந்த 'செட்' இப்போது பின்வரிசையில்.

ஆங்கிலேயருக்கு மூக்கும் ஓடும், கம்பெனியும் ஓடும். காலுறையில் இழை பிரிந்தால் அமெரிக்காவில் அதுவும் 'ரன்'. லண்டனில் அதே கிழிசலுக்கு ஏணி என்று பெயர். தேர்தல் வந்தால் அமெரிக்க வேட்பாளர் 'ஓடுகிறார்', பிரிட்டிஷ் வேட்பாளர் 'நிற்கிறார்'. நிற்கிறவருக்கு மூச்சு வாங்காது என்பது உண்மைதான். ஆனால் பேச்சில் இருவரும் மூச்சே விடுவதில்லை. கிரிக்கெட்டோ இன்னும் தாராளம்: பந்தை எல்லைக்கோட்டுக்கு விரட்டிவிட்டு, மட்டையை ஊன்றி, கையுறையைச் சரிசெய்தபடி நின்ற இடத்திலேயே நின்றால் நாலு ரன்.