குலுக்கையை மாத்து, வீட்டை இடிக்காதே

ஏலே பேராண்டி, புது லேப்டாப்பு வேணும்னு ஒங்கப்பன் காதுல நாளும் பொழுதும் ஓதுதியாமே! வாங்கிருவோம்டே, நம்ம ஆனை கட்டிப் போரடிச்ச பரம்பரையாச்சே. ஆனா அந்தப் பழசு என்ன பாவம் செஞ்சுது? பொத்தானை அமுக்கிட்டு, பல்லு தேச்சு, காப்பி குடிச்சு, தலை சீவி வந்தாலும் வட்டம் சுத்திக்கிட்டே நிக்கு. அதுக்கு நீ பாத்த வைத்தியத்தையும் பாத்தேன்லா. ரெஃப்ரெஷ், ரெஃப்ரெஷ்னு ஜெபம் பண்ணுன. க்ளீனர்னு ஒண்ணை எறக்குன. அது ஒரு மூலையில ஒக்காந்து இருக்க மெமரியையும் தின்னுச்சு. மூடியில புலி ஸ்டிக்கர் ஒட்டுன. புலியை ஒட்டுனா பாயும்னு நெனச்சியோ?

மொதல்ல நோவு எங்கன்னு பாருடே. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்கு. டாஸ்க் மேனேஜர் வரும். நீ சும்மா இருக்கையிலயே டிஸ்க் 100 சதம் காட்டுனா கோளாறு அங்க. மெமரி 90 சதத்துல முட்டி நின்னா இங்க. ரெண்டும் இல்லாம சிபியூ மட்டும் மூச்சு வாங்குனா, எதை மாத்துனாலும் காசுக்குத்தான் கேடு.

ராம் வீட்டு முத்தம். டிஸ்க் உள்ள இருக்க குலுக்கை. பொழங்குததை முத்தத்துல பரப்பி வச்சுத்தான் வேலை நடக்கும். எடம் பத்தலைன்னா கொஞ்சத்தை அள்ளிக் குலுக்கையில போடணும், வேணுங்கையில திரும்ப அள்ளியாரணும். ஒனக்கு இருக்கது 4 ஜிபி முத்தம். அதுல விண்டோஸ் பாய் விரிச்சுப் படுத்தது போக, மிச்ச எடத்துல குரோம்ல நாப்பது டேப்பு. கேட்டா படிப்பாம்! படிப்பு ஒண்ணு, மிச்சம் கிரிக்கெட்டு.

குலுக்கையாவது வெரசா தெறக்கா? 2017-ல வாங்குனதுல இருக்க ஹார்ட் டிஸ்க் நிமிசத்துக்கு 5400 சுத்து சுத்துது. கேக்கப் பெருசாத்தான் இருக்கு. ஆனா ஒரு சுத்துக்கு 11 மில்லிசெகண்ட் ஆவுது. ஒவ்வொரு துண்டுக் கோப்புக்கும் கை நகரணும், தகடு சுத்தி வரணும். செகண்டுக்கு நூறு துண்டு எடுத்தாலே அதிகம். 1956-ல ஐபிஎம்காரன் செஞ்ச மொத டிஸ்க்குலயும் இதே தகடும் கையுந்தான். 50 தகடு, 50 லட்சம் எழுத்து, ஒரு டன்னு கனம். என்னையப் பழைய ஆளுங்குத, ஒம் மடியில இருக்கது எங்காலத்துச் சரக்குடே! அதுக்குப் பதிலாப் போடுத எஸ்எஸ்டில சுத்துததும் இல்ல, நகருததும் இல்ல. செகண்டுக்கு ஆயிரக்கணக்குல எடுத்து நீட்டும்.

அதுக்காகக் கண்ட கடையில கண்டதை வாங்கியாராதே. பழைய டிஸ்க் இருக்க எடத்துல 2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி ஒக்காரும்; செகண்டுக்கு 500 எம்பிக்கு மேல படிக்கும். எம்.2 பள்ளம் இருந்தா, அது சாட்டா கேக்கா, என்விஎம்இ கேக்கான்னு மாடல் நம்பரைப் போட்டுப் பாரு. ரெண்டும் பாக்க ஒரே சாடைதான், ஆனா எல்லாப் பள்ளமும் ரெண்டையும் ஏத்துக்கிடாது. ராம்லயும் சாதி உண்டு. லேப்டாப்புல போடுத டிடிஆர்3-க்கு 204 முள்ளு, டிடிஆர்4-க்கு 260. வெட்டும் வேற எடத்துல இருக்கும். நுழையலைன்னா சுத்தியலைத் தேடாதே. மெலிசு லேப்டாப்பு பலதுல ராமைப் போர்டோட பத்த வச்சிருப்பான். அங்க ஒம் பருப்பு வேகாது. விண்டோஸ் 32 பிட்டுன்னா 4 ஜிபிக்கு மேல போட்டும் பிரயோசனம் இல்ல. ஏஐ-க்காரன் சில்லையெல்லாம் அள்ளிட்டுப் போறதுல 2025 கடைசியில ராம் வெலை வேற ஏறிப்போச்சு. அதனால டிஸ்க்கை மாத்திப் பாத்துட்டு, பத்தலைன்னா மட்டும் ராமுக்குப் போ.

மாத்துததுக்கு முந்தி போட்டோ, பாடம், சர்டிபிகேட்டு எல்லாத்தையும் வெளி டிஸ்க்குல ஏத்திரு. பொறவு அழுது பிரயோசனம் இல்ல. மிசினை அணைச்சு, சார்ஜரைப் புடுங்கி, தெறந்த ஒடனே பேட்டரி வயரைக் கழட்டு. எந்த ஸ்குரூ எங்க இருந்துச்சுன்னு ஒரு போட்டோ எடுத்துக்க. நீ சைக்கிளைப் பூட்டுனப்பவே நாலு நட்டு மிஞ்சுன ஆளுல்லா! புது எஸ்எஸ்டியை டிஃப்ராக் பண்ணுதேன்னு போட்டு உருட்டாதே. அதைப் பாத்துக்க விண்டோஸுக்கே தெரியும்.

இன்னொண்ணு. ஒன் லேப்டாப்பு ஏழாந்தலைமுறை இன்டெல். விண்டோஸ் 11 எட்டாந்தலைமுறையில இருந்துதான் முறைப்படி சேத்துக்கிடும். 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சு போச்சு. எத்தனை எஸ்எஸ்டி போட்டாலும் இது மாறாது. விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் ஏத்திக்க, செலவில்லை.

ஆகமொத்தம் டிஸ்க் மொதல்ல, ராம் பொறவு, புதுசு கடைசி. மிஞ்சுத ரூவாயை ஒங்கப்பன்கிட்ட குடுத்துத் தொலைக்காதே. யோசனை சொன்னவன் இங்கதான் ஒக்காந்திருக்கேன்.