பதிவர் மாநாட்டின் முதல், கரு, உரி

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் சிலப்பதிகாரத்தைப் பற்றி வந்த ஆய்வேடுகளை அடுக்கினால் ஒரு மாடி எழுப்பிவிடலாம். புதுமைப்பித்தனுக்கும் குறைவில்லை. ஆனால் ஓர் ஊரில் வலைப்பதிவு எழுதுகிறவர்களும் இணையதளம் கட்டுகிறவர்களும் ஒன்றுசேர்ந்து, சொந்தக் காசைப் போட்டு, வீட்டில் திட்டு வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் காவு கொடுத்து நடத்தும் மாநாட்டின் மேல் ஆய்வுலகம் உரிய கவனம் செலுத்தியதாகத் தெரியவில்லை. அக்குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை. நெறியாளர் எவரும் முன்வராததால் தொல்காப்பியரையே நெறியாளராக வைத்துக்கொள்ள நேர்ந்தது. கையெழுத்துக்காக அவர் யாரையும் வாசலில் நிற்கவைக்க மாட்டார் என்பது ஒரு வசதி.

ஒரு திணையை அவர் மூன்றாகப் பிரித்துப் பார்ப்பார். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, பறை, தொழில் போன்றவை கருப்பொருள். மாந்தரின் ஒழுக்கம் உரிப்பொருள். இந்த அளவுகோல் சங்க காலத்தோடு காலாவதியாகிவிடவில்லை, பதிவர் மாநாட்டுக்கும் கச்சிதமாகப் பொருந்தும் என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

முதலில் வரலாறு. கலிஃபோர்னியாவில் டிம் ஓரைலி என்ற பதிப்பாளர், தாம் அழைத்தவர்கள் மட்டும் வரக்கூடிய 'ஃபூ கேம்ப்' என்ற கூட்டத்தை நடத்திவந்தார். அழைப்பு வராதவர்கள் உலகில் எப்போதும் அதிகம். அவர்களில் சிலர், அழைப்பே தேவையில்லாத கூட்டம் ஒன்றை 2005 ஆகஸ்ட் 19 முதல் 21 வரை பாலோ ஆல்டோ நகரில் நடத்திக் காட்டினார்கள். அதுதான் பார்கேம்ப். யோசனை பிறந்ததற்கும் கூட்டம் நடந்ததற்கும் இடையில் ஒரு வாரம்கூட இல்லை. நம் ஊர் இலக்கிய விழாக்களில் அழைப்பிதழில் யார் பெயர் முதலில் வருவது என்று முடிவாவதற்கே அதைவிட அதிக நாள் பிடிக்கும்.

மறு ஆண்டு வேர்ட்பிரஸ்காரர்கள் அதே வழியில் இறங்கினார்கள். மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இருவர் 2003 மே 27 அன்று வெளியிட்ட அந்த இலவச மென்பொருள், இன்று உலகின் இணையதளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் தாங்கி நிற்கிறது. அதன் முதல் வேர்ட்கேம்ப் சான் பிரான்சிஸ்கோவில் 2006 ஆகஸ்ட் 5 அன்று நடந்தது. அடுத்த மாதமே சென்னை டைடல் பார்க்கில் ஒரு பிளாக்கேம்ப். அதற்கு அடுத்த ஆண்டு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெரினா வளாகத்தில் தமிழ் வலைப்பதிவர் பட்டறை. கணினியில் தமிழில் தட்டச்சுவது எப்படி, வலைப்பதிவு தொடங்குவது எப்படி என்று புதியவர்களுக்குக் கைபிடித்துச் சொல்லிக்கொடுத்த நிகழ்ச்சி அது. நடந்த தேதி 2007 ஆகஸ்ட் 5. சான் பிரான்சிஸ்கோவில் நடந்து சரியாக ஓராண்டு! இதைத் தற்செயல் என்பார் உண்டு. இக்கட்டுரையாளரும் அப்படித்தான் நினைக்கிறார். ஆனாலும் ஆய்வேடு என்று ஒன்று எழுதினால் எங்காவது ஓரிடத்தில் இப்படி ஒரு தேதிப் பொருத்தத்தைக் கண்டுபிடித்து வியந்தாக வேண்டும்.

இனி நிலம். குறிஞ்சிக்கு மலை உண்டு, முல்லைக்குக் காடு உண்டு, பாலைக்கு மட்டும் சொந்த நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் காய்ந்து திரிந்தால் அதுவே பாலை என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். பதிவர் திணையும் பாலையின் இனமே. சொந்த இடம் என்று ஒன்று அதற்கு எங்குமே இருந்ததில்லை. பாலோ ஆல்டோவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம். சான் பிரான்சிஸ்கோவில், ஸ்வீடனிலிருந்து குடியேறியவர்கள் 1907-இல் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட மன்றம். சென்னையில் பல்கலைக்கழக அரங்கும் கல்யாண மண்டபமும். எதுவும் அமையாத மாலைகளில் கடற்கரை காந்தி சிலைக்குப் பின்னால் இருக்கும் மணல். இவற்றுள் கடைசியாகச் சொன்ன அரங்கே நிர்வாக ரீதியில் மிகச் சிறந்தது. முன்பணம் இல்லை, கரண்ட் போகாது, நாற்காலி எண்ண வேண்டாம், நேரம் தாண்டினால் வாட்ச்மேன் வந்து சாவியை ஆட்டிக்காட்ட மாட்டார். புரொஜெக்டர் வைக்க முடியாது என்பதை ஒரு குறையாகச் சொல்லலாம். அதுவே அதன் பெரிய நிறை என்பது அங்கே பேசக் கேட்டவர்களின் கருத்து.

கல்லூரி அரங்கு என்றால் கதை வேறு. முதல்வருக்குக் கடிதம், அதற்குத் துறைத்தலைவரின் பரிந்துரை, ஜெனரேட்டருக்குத் தனியாக டீசல் காசு. அதோடு, விழாவை முதல்வரே தொடங்கிவைப்பார் என்ற சொல்லப்படாத நிபந்தனை. முதல்வர் பேசினால் தாளாளர் பேச வேண்டும். தாளாளர் பேசினால் பொன்னாடை வாங்க வேண்டும். வரவுசெலவில் 'இதர' என்ற தலைப்பு வீங்குவதற்கு இந்தச் சங்கிலியே காரணம்.

பொழுது விஷயத்தில் சான்றுகள் வியக்கத்தக்க ஒற்றுமையோடு நிற்கின்றன. தமிழ் வலைப்பதிவர்கள் சென்னையில் 2012 ஆகஸ்ட் 26-இலும், மறுபடி அங்கேயே 2013 செப்டம்பர் 1-இலும், மதுரையில் 2014 அக்டோபர் 26-இலும், புதுக்கோட்டையில் 2015 அக்டோபர் 11-இலும் கூடினார்கள். நாட்காட்டியை எடுத்துப் பார்த்தால் நான்கும் ஞாயிறு. ஆகவே சிறுபொழுது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது.

பெரும்பொழுதில்தான் சிக்கல். ஆடியில் கல்யாணம் கிடையாது. மண்டபம் சும்மா கிடக்கும், வாடகை இறங்கும், பேரம் பேசலாம். ஆகவே பதிவர் மாநாட்டின் பெரும்பொழுது ஆடியே என்று ஒரு கோட்பாட்டை இக்கட்டுரையாளர் ஆசையோடு வளர்த்துவந்தார். மேற்சொன்ன தேதிகள் அதைக் காலைவாரிவிட்டன. இரண்டு ஆவணி, ஒன்று ஐப்பசி, ஒன்று புரட்டாசி. ஆடியில் நடந்தது 2007 பட்டறை மட்டுமே, அதுவும் மண்டபத்தில் நடக்கவில்லை. ஐப்பசி மழையை நம்பி மதுரையில் தேதி குறித்தவர்களின் துணிச்சல் தனி ஆய்வுக்குரியது.

காலத்தை வெல்லப் பணமும் ஆள்பலமும் போதாது என்பதற்குப் பெரிய சான்று பாங்காக்கில் உண்டு. ஆசியா முழுவதற்குமான முதல் வேர்ட்கேம்ப் அங்கே 2020 பிப்ரவரி 21-இல் தொடங்குவதாக இருந்தது. பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் விமான டிக்கெட் எடுத்தாயிற்று. பத்து நாள்கூட இல்லாத நிலையில் கொரோனா காரணமாக ரத்து. அதே நகரில் அது நடந்தேறியது 2023 பிப்ரவரியில். பிறகு தைபே, மணிலா என்று நகர்ந்து, 2026-க்கு மும்பை தேர்வானது.

கருப்பொருளில் தெய்வத்தைச் சட்டென்று சொல்லி நகரலாம். வேர்ட்கேம்ப்களின் குலதெய்வம் வாப்பூ. மஞ்சள் நிறத்தில், உருண்டையாக, வேர்ட்பிரஸ் சின்னம் பொறித்த பந்தை அணைத்துக்கொண்டிருக்கும் ஒரு குட்டிப் பிராணி. ஜப்பானிய ஓவியர் கசுகோ கனேஉச்சி வரைந்தது, 2011-இல் வந்தது. யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்ற உரிமத்தோடு வந்ததால் ஊருக்கு ஊர் வேடம் மாறும். நம் எல்லைச்சாமிகளுக்கும் இதே உரிமம்தான்.

பறை என்பது மைக் செட். அரங்கில் உள்ள அத்தனை பேரும் கணினி வல்லுநர்கள். சர்வர் விழுந்தால் நள்ளிரவில் எழுந்து தூக்கி நிறுத்தக்கூடியவர்கள். ஆனால் அன்றைய தினம் அதிகாரம் முழுவதும் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மைக்செட்காரர் கையில் இருக்கும். அவர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து மைக் ஊளையிடும். பேச்சாளர் கொண்டுவந்த லேப்டாப்பில் எச்டிஎம்ஐ மட்டும் இருக்கும், அரங்கின் புரொஜெக்டரில் விஜிஏ மட்டும் இருக்கும். இடையில் போட வேண்டிய அந்த விரல் நீளக் கன்வெர்ட்டர், முந்தின நாள் இரவு 'மறக்கக் கூடாதவை' பட்டியலை எழுதியவர் வீட்டு மேசையில் இருக்கும்.

தொழில்களில் தலையாயது சுய அறிமுகம். வேற்று நாட்டுக் கூட்டங்களில் இது அரை நிமிட வேலை. தமிழ்ப் பதிவர்களுக்கு அது ஒரு தனி அமர்வு. காரணம் இருக்கிறது. தமிழ்ப்பதிவுலகில் புனைபெயரே மெய்ப்பெயர். மேடையேறிய ஒருவர் பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லும்போது அரங்கம் மரியாதைக்குத் தலையாட்டும். அடுத்து வலைப்பூவின் பெயரைச் சொன்னதும் "அட, அவரா நீங்க!" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தே விடுவார். இரண்டு வருடம் பின்னூட்டத்தில் ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கவிட்டவர்கள், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் ஒரு மணி நேரம் செல்போன் பற்றிச் சிநேகமாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, இந்த அமர்வில்தான் முகம் வெளுப்பார்கள். ஆகவே கழுத்தில் மாட்டும் அட்டையில் இரண்டு பெயர்களையும் அச்சிடுவது நல்லது. சிலர் அச்சிடாமல் விடுவதையே விரும்பக்கூடும்.

அடுத்தது உணா. ஒரு தலைமுறைத் தமிழ்ப்பதிவர்களுக்குச் சந்திப்பு என்றாலே போண்டா. சந்திப்பு முடிந்து எழுதப்படும் பதிவில் யார் என்ன பேசினார்கள் என்பது விடுபடலாம், போண்டா விடுபடாது. போண்டா இல்லாத சந்திப்பின் நம்பகத்தன்மையே கேள்விக்குள்ளான காலம் அது. இவ்வளவு முக்கியமான பொருளுக்குத் தலைக்கணக்கு எடுப்பதுதான் அமைப்பாளரின் உண்மையான அக்கினிப் பரீட்சை. சமையல் காண்ட்ராக்டர் முந்தின நாள் மாலைக்குள் எண்ணிக்கை கேட்பார். கையில் இருப்பதோ இலவசப் பதிவுப் பட்டியல். அதில் பெயர் கொடுத்தவர்களில் ஒரு பகுதி வரமாட்டார்கள். பெயர் கொடுக்காத சிலர் நண்பரோடு, அவருடைய மச்சானோடு, இரண்டு குழந்தைகளோடு வருவார்கள். குறைத்துச் சொன்னால் மானம் போகும், கூட்டிச் சொன்னால் காசு போகும். மானத்துக்கு அஞ்சிக் கூட்டிச் சொன்னவர்கள் சாயங்காலம் சாம்பார் சாதத்தைத் தூக்குவாளிகளில் நிரப்பித் தன்னார்வலர்கள் தலையில் கட்டுவதைக் களஆய்வில் காணலாம்.

இதற்கு வேர்ட்கேம்ப்காரர்கள் கண்ட மருந்து, பேருக்கு ஒரு கட்டணம் வைப்பது. அமெரிக்காவில் நெடுங்காலம் நாளொன்றுக்கு 20 டாலர் என்பதே உச்சவரம்பு. செலவைக் கட்ட அது போதாது, ஆனால் காசு கொடுத்தவன் காலையில் எழுந்து வருவான். அமைப்பாளருக்கும் பேச்சாளருக்கும் சம்பளம் கிடையாது, மேடையில் சொந்தச் சரக்கை விற்கக் கூடாது, லாபம் பார்க்கவும் கூடாது என்பவை அவர்களின் மற்ற விதிகள். நம்மவர்கள் இவற்றுள் முதலாவதை விதி இல்லாமலே கடைப்பிடித்தவர்கள்.

உரிப்பொருளுக்கு வரும்போது தொல்காப்பியரை அமெரிக்கரான ஹாரிசன் ஓவனோடு வைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது. ஓவன் 1983-இல் ஓராண்டு உழைத்து ஒரு மாநாடு நடத்தினார். முடிந்ததும் விசாரித்தால், எல்லாருக்கும் பிடித்தது காபி இடைவேளை. அது மட்டும்தான் அவர் திட்டமிடாதது! மனம் தளராமல், முழுக்கக் காபி இடைவேளையாகவே ஒரு மாநாட்டை அமைத்தால் என்ன என்று யோசித்து 1985-இல் அதற்கு ஒரு முறையையும் வகுத்தார். பார்கேம்ப் வகைக் கூட்டங்களுக்கெல்லாம் முன்னோடி அதுதான். வந்தவர்களே சரியான ஆட்கள், எப்போது தொடங்குகிறதோ அதுவே சரியான நேரம் என்பவை அவருடைய கொள்கைகளில் சில. இரண்டாவது கொள்கையைத் தமிழ்நாட்டுப் பொதுக்கூட்டங்கள் அவருக்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே நடைமுறைப்படுத்தி வந்துள்ளன என்பதை இங்கே பதிவுசெய்வது ஆய்வாளரின் கடமை. பேச்சு பிடிக்காவிட்டால் எழுந்து வேறிடம் போகலாம் என்று அவர் கால்களுக்குக் கொடுத்த உரிமையும் புதிதல்ல, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பந்தியிலிருந்து நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் மரபு நமக்கு உண்டு.

ஐந்திணைக்கும் உரிய ஒழுக்கம் ஒரே நாளில் நடக்கும் நிலம் இது ஒன்றுதான். பத்து மணிக்கு என்று போட்டுப் பதினொன்றுக்குத் தொடங்கும் வரை இருத்தல். சாப்பாட்டுக்குப் பின் பிரிதல். கணக்குப் பார்க்கும்போது இரங்கல். அடுத்த ஒரு வாரம் பதிவுகளில் ஊடல். கூடல் மட்டும் தேநீர் நேரத்தில், அரங்குக்கு வெளியே, எவர்சில்வர் டிரம்மைச் சுற்றி நடக்கும். புதியவர் ஒருவர் தம் தளம் ஏன் திறக்கவில்லை என்று கேட்க, காகித டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, முன்பின் தெரியாத ஒருவர் அவருடைய லேப்டாப்பை வாங்கிக் குந்தி உட்கார்ந்து சரிசெய்து கொடுப்பார். மேடையில் அதே நேரம் யாரோ "தயவுசெய்து அனைவரும் உள்ளே வரவும்" என்று கெஞ்சிக்கொண்டிருப்பார்.

ஆகவே அடுத்த மாநாட்டுக்கு நிகழ்ச்சி நிரல் தயாரிப்பவர்களுக்கு இவ்வாய்வின் பரிந்துரை ஒன்றே ஒன்று. தேநீர் இடைவேளைக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்காதீர்கள். முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். நேரம் போதவில்லை என்றால் வாழ்த்துரைகளில் இரண்டை வெட்டுங்கள்.