கணக்குப்பிள்ளை வண்டி

கணவனும் மனைவியும் சேர்ந்து கடைக்குப் போவதில் ஒரு நாகரிகம் இருந்தது. மனைவி எடுத்துப் போடுவாள், கணவன் தள்ளிக்கொண்டு வருவான். எவ்வளவு ஆகியிருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. தெரியாத வரைக்கும் சண்டை இல்லை. கடைசியில் பில் வரும்போது அவன் முகம் சுருங்கும்தான். ஆனால் பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்பார்கள். அந்த நாலு பேர் காதில் விழும்படி, "இந்தப் பாதாம் பருப்பைக் கழிச்சிடுங்க" என்று சொல்ல எந்த ஆம்பளைக்கும் வாய் வராது. பணத்தைக் கொடுத்துவிட்டு வழியெல்லாம் முணுமுணுப்பான். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பில்லைப் பிரிப்பதற்குள் பாதாம் டப்பாவுக்குள் போயிருக்கும்.

எங்கள் திருச்சி வீட்டில் இது இன்னும் பக்குவமாக நடந்தது. மாதம் பிறந்ததும் மளிகை லிஸ்ட் எழுதிக் கடைக்குக் கொடுத்தனுப்பினால், சாயங்காலம் சாமான் அட்டைப்பெட்டியில் வந்து இறங்கும். பில் பெட்டிக்கு அடியில், புளிப் பொட்டலத்துக்குக் கீழே கிடக்கும். அதை எங்கள் வீட்டுக்காரர் தேடி எடுப்பதற்குள் உளுந்து, துவரை எல்லாம் தூக்குகளில் ஏறிவிடும். எங்கள் குடித்தனம் பெரிய சேதாரம் இல்லாமல் ஓடியதில் அந்தப் புளிப் பொட்டலத்துக்கு ஒரு பங்கு உண்டு.

இப்போது மாசசூசெட்ஸில் பையன் வீட்டுக்கு வந்திருக்கிறோம். இங்கே பக்கத்துக் கடையில் ஸ்மார்ட் கார்ட் என்று ஒரு தள்ளுவண்டி வைத்திருக்கிறார்கள்.

பார்க்க மற்றத் தள்ளுவண்டிகளைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திரை. விளிம்பில் கேமராக்கள். அடியில் எடை பார்க்கும் கருவி. போனில் கடையின் ஆப்பைத் திறந்து, அதில் வரும் க்யூஆர் கோடை வண்டிக்குக் காட்டினால் அது நம்மைத் தெரிந்துகொள்ளும். அப்புறம் ஒவ்வொரு சாமானாகக் கேமராவுக்கு முகம் காட்டி உள்ளே வைக்க வேண்டும். டிங். பச்சை விளக்கு எரிந்தால் வண்டிக்குப் புரிந்துவிட்டது. ஆரஞ்சு எரிந்தால் எடுத்துவிட்டு மறுபடியும் காட்ட வேண்டும். முடிந்ததும் கவுன்ட்டர் பக்கமே போக வேண்டாம். வண்டிக்கென்று விட்டிருக்கிற தனிப் பாதையில் தள்ளிக்கொண்டு வெளியே வந்தால் பையனின் கார்டிலிருந்து பணம் தானாகக் கழிந்துவிடும். அமேசான் இந்த மாதிரி வண்டியை அறிவித்தது 2020இல். அடுத்த வருஷமே இன்ஸ்டாகார்ட் என்ற கம்பெனி, இதே மாதிரி வண்டி செய்கிற கேப்பர் என்ற கம்பெனியைச் சுமார் 35 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. தள்ளுவண்டி வியாபாரத்தில் இவ்வளவு காசு புரள்கிறது.

இதிலெல்லாம் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை அந்தத் திரையில் இருக்கிறது. ஒவ்வொரு டிங்குக்கும், அதுவரை ஆன மொத்தம் அதில் பளிச்சென்று மாறுகிறது.

எங்கள் வீட்டுக்காரர் உள்ளாட்சி நிதித் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊராட்சி ஒன்றியத்து ஜீப்புக்கு மாற்றிய டயருக்குப் பழைய டயர் எங்கே என்று கேட்டுத் தணிக்கைத் தடை போட்டவர். ஓய்வுக்குப் பிறகு தடை போட ஆளில்லாமல் தவித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் இந்த வண்டிக்கும் பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போயிற்று. கணக்கு பையன் பெயரில் இருப்பதால் வண்டி அவரைப் பையன் பெயர் சொல்லித்தான் வரவேற்கிறது. அதற்கும் அவர் தலையாட்டுகிறார்.

கடைக்குள் நுழைந்ததும் ஆரம்பித்துவிடும். நான் தயிர் வைப்பேன், "பதினொண்ணு நாப்பது." பிரெட், "பதினஞ்சு தொண்ணூறு." கிரிக்கெட் ஸ்கோர் சொல்கிற குரலில், எட்டத்தில் நிற்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி. ப்ளூபெரி டப்பாவை வைத்தேன். கொஞ்சநேரம் பேச்சே இல்லை.

"இது எதுக்கு?"

"பேரனுக்குங்க."

"அவன் கேட்டானா?"

"கேட்டாத்தான் வாங்கணுமா?"

"இல்ல, இருபத்தி மூணு இருந்தது, முப்பது தாண்டிடுச்சு. அதான் கேட்டேன்."

இந்த 'அதான் கேட்டேன்' என்பதற்கு முன்பெல்லாம் இடமே இருந்ததில்லை. கேள்வி வரும்போது பொருள் அடுக்களையில் இருக்கும். இப்போது அலமாரி ஓரடி தூரத்தில் இருக்கிறது, திருப்பி வைக்க ஒரு நிமிஷம் ஆகாது. வண்டியிலிருந்து எடுத்தால் போதும், 'நீக்கப்பட்டது' என்று காட்டி மொத்தத்தைக் குறைத்துவிடுகிறது. குறைகிற நேரத்தில் அவர் முகத்தில் வருகிற நிம்மதியை எங்கள் பையன் பிறந்தபோதுகூட நான் பார்க்கவில்லை.

பாக்கெட்டில் அடைக்காத காய்கனிகளுக்குத் தனி முறை. அதன்மேல் ஒட்டியிருக்கிற நாலு இலக்க எண்ணைத் திரையில் தட்டி எடை போட வேண்டும். வாழைப்பழத்துக்கு 4011, கொத்தமல்லிக்கு 4889, எலுமிச்சைக்கு 4048, சிவப்பு வெங்காயத்துக்கு 4082, பூண்டுக்கு 4608. அரசாணை எண்களை ஆண்டோடு ஒப்பித்தவருக்கு இது பெரிய காரியமா? ஸ்டிக்கரைப் பார்க்காமலே தட்டுகிறார். இயற்கை விவசாயத்தில் விளைந்தது என்றால் அதே எண்ணுக்கு முன்னால் ஒரு 9 சேரும். வாழைப்பழம் 94011 ஆகிவிடும். மருமகள் அதைத்தான் வாங்கச் சொல்லியிருக்கிறாள். "முன்னாடி ஒரு ஒன்பது சேர்ந்ததுக்கு இவ்வளவு விலையா? இந்த ஒன்பதை யார் சரிபார்த்தது?" என்று அவர் நிற்பார். தணிக்கைத் தடை.

பேரன்கள் பாடுதான் பரிதாபம். அவர்கள் அப்பா சின்ன வயதில் எனக்குத் தெரியாமல் சாக்லேட்டை அரிசிப் பைக்கு அடியில் சொருகுவான். கவுன்ட்டரில் அது வெளியே வரும்போது எடுத்து வைக்க எனக்குக் கூச்சமாக இருக்கும். தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் இப்படித்தான் இனிப்பு தின்று வளர்ந்திருக்கிறார்கள். இந்த வண்டியில் மிட்டாய் பாக்கெட்டை மெதுவாக உள்ளே விட்டாலும் எடை காட்டிக்கொடுத்துவிடுகிறது. என் கைப்பையை ஒரு நாள் அசந்து உள்ளே வைத்துவிட்டேன். அதற்கும் ஆரஞ்சு விளக்கு. இது என்ன, சொல்லு, என்று கேட்கிறது. நாலு பேர் பார்க்க என் சொந்தப் பையை நான் திருடியது போல ஆகிவிட்டது.

கடைக்காரர்களையும் குற்றம் சொல்ல முடியாது. வாங்குகிறவர்களே ஸ்கேன் செய்துகொள்ளட்டும் என்று விட்டதும் ஜனங்கள் அவகாடோவை எடை மேடையில் வைத்துவிட்டு கேரட் என்று தட்டியிருக்கிறார்கள். இருப்பில் இருந்ததைவிட அதிக கேரட் விற்றதாகக் கணக்கு வந்த கதையை எம்மலின் டெய்லர் என்ற குற்றவியல் ஆய்வாளர் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். சிரிக்கவில்லை. "இருப்புப் பதிவேட்டைப் பார்த்தா மாட்டிக்குவானே" என்றார், வருத்தமாக.

இந்தத் தள்ளுவண்டியின் பூர்வீகத்தைப் படித்தபோதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. ஓக்லஹோமா நகரத்தில் ஹம்ப்டி டம்ப்டி என்ற பெயரில் கடைகள் வைத்திருந்த சில்வன் கோல்ட்மேன் 1937இல் கொண்டுவந்தது இது. அதற்கு முன்னால் கையில் கூடைதான். கூடை கனத்தால் ஜனங்கள் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள் என்பதை மனிதர் கவனித்திருக்கிறார். ஒரு மடக்கு நாற்காலியைப் பார்த்ததும் யோசனை வந்து, அதன் சட்டத்தில் மேலும் கீழுமாகக் கூடைகளை வைத்துச் சக்கரம் பொருத்தினார். ஒருவரும் தொடவில்லை. ஒரு கூடையைத் தூக்க எனக்குத் தெம்பில்லையா என்று ஆண்களுக்கு ரோஷம். குழந்தை வண்டி தள்ளியது போதாதா என்று பெண்களுக்குச் சலிப்பு. கடைசியில் கோல்ட்மேன் கூலிக்கு ஆள் பிடித்து, வாடிக்கையாளர் மாதிரி கடைக்குள் வண்டி தள்ளிக்கொண்டு நடக்கவிட்டார். அதைப் பார்த்து மற்றவர்களும் தள்ள ஆரம்பித்தார்கள். ஆக, இந்த வண்டி பிறந்ததே வாங்குகிறவருக்குப் பாரம் தெரியாமல் இருக்கத்தான். நான் எடுப்பேன், அவர் தள்ளுவார், பாரம் யாருக்கும் தெரியாது. அதுதான் கோல்ட்மேன் எங்களுக்குச் செய்துகொடுத்த ஏற்பாடு. அதே வண்டிக்கு அடியில் இப்போது எடைக் கருவியை வைத்து, ஒவ்வொரு கிராமையும் டாலராக மாற்றி முகத்துக்கு நேராகக் காட்டுகிறார்கள்.

அதே 1937இல் மெம்ஃபிஸ் நகரத்தில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் இன்னொன்று செய்து பார்த்தார். 1916இல் பிக்லி விக்லி என்ற கடையைத் திறந்து, வாடிக்கையாளர் தாமே எடுத்துக்கொள்கிற பழக்கத்தை ஆரம்பித்துவைத்த அதே மனிதர்தான். இந்தமுறை கீடூஸில் என்று ஒரு இயந்திரக் கடை. கண்ணாடிக்குள் மாதிரிக்கு ஒவ்வொரு பொருள் இருக்கும். கையில் கொடுத்த சாவியை அதன் துவாரத்தில் விட்டால் போதும், நாம் கேட்ட சாமானெல்லாம் உள்ளேயிருந்து பெல்ட்டில் ஓடி வந்து சேரும். எங்கள் மளிகை லிஸ்ட் ஏற்பாட்டைத்தான் மனிதர் மின்சாரத்தில் செய்திருக்கிறார் என்று எனக்கு அவர்மேல் தனிப் பிரியம். ஆனால் இயந்திரம் அடிக்கடி மக்கர் பண்ணி, கடை நிலைக்கவில்லை. புளிப் பொட்டலம் மக்கர் பண்ணி நான் பார்த்ததில்லை.

சரி, மொத்தத்தைக் காட்டிக்கொண்டே இருந்தால் ஜனங்கள் குறைவாகத்தானே வாங்குவார்கள், கடைக்காரனுக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். நானும் கேட்டேன். பதில் அதே திரையின் இன்னொரு ஓரத்தில் இருக்கிறது. பிஸ்கட் வரிசையில் திரும்பினால் பிஸ்கட்டுக்குத் தள்ளுபடி. சிப்ஸ் வைத்தால், அதற்குத் தொட்டுக்கொள்ள சால்சா, இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம். கூடவே, 'நீங்கள் சேமித்தது' என்று ஒரு தொகை. மொத்தத்தைக் குறைக்கப் பிறந்த எங்கள் வீட்டுக்காரர், இந்தத் தொகையை ஏற்றவும் பிறந்திருக்கிறார் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. ப்ளூபெரிக்குக் கணக்குக் கேட்ட அதே வாய், "சால்சால நாலு டாலர் மிச்சம்" என்கிறது. வீட்டில் சால்சா பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன. யாரும் சாப்பிடுவதில்லை. நான் தோசைக்கு வைத்துப் பார்த்தேன். பேரன் தக்காளிச் சட்னி ஊசிப்போயிருச்சு என்றான். இதை அவரிடம் சுட்டிக்காட்டினால், சாப்பாட்டுச் சாமானுக்கு இந்த மாநிலத்தில் விற்பனை வரி இல்லை, சோப்பு மாதிரி மற்றதற்குத்தான் 6.25 சதவீதம் என்று விளக்கம் வருகிறது.

கேமரா விஷயத்திலும் எனக்கு உறுத்தல் உண்டு. அமேசான் தன் ஃப்ரெஷ் கடைகளில் கூரை முழுக்கக் கேமரா வைத்து, எடுத்துக்கொண்டு அப்படியே நடந்து போகலாம் என்று ஒரு முறை வைத்திருந்தது. 2024 ஏப்ரலில் அதை அங்கிருந்து எடுத்துவிட்டு இந்த வண்டிகளை நம்ப ஆரம்பித்தது. இந்தியாவில் சுமார் ஆயிரம் பேர் உட்கார்ந்து வீடியோ பார்த்து அந்தக் கணக்குகளைச் சரிபார்த்தார்கள் என்று பத்திரிகையில் வந்தது. ஒவ்வொருவரையும் உட்கார்ந்து பார்த்தார்கள் என்பது சரியல்ல, கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் அந்த ஆட்கள் என்று கம்பெனி மறுத்தது. நம் வண்டியை யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை என்று பையன் சொன்னான். இருந்தாலும் இதைக் கேட்டதிலிருந்து நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டுதான் தக்காளி பொறுக்குகிறேன். வீட்டுக்காரர் ஒருபடி மேலே போய்க் கேமராவைப் பார்த்து, "தம்பி, இது பெருங்காயம் இல்ல, சீஸ்" என்கிறார்.

போன வாரம் இந்தியக் கடைக்குப் போனோம். அங்கே பழைய வண்டிதான். ஒரு சக்கரம் இடதுபுறமே இழுத்தது. இவர் கைப்பிடியின் இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார், திரை எங்கே என்று. நான் இட்லி அரிசி மூட்டையை வைத்தேன். டிங் இல்லை. நல்லெண்ணெய் வைத்தேன், பச்சை மொச்சை வைத்தேன், பாதாம் வைத்தேன். வண்டி வாயைத் திறக்கவில்லை. அவருக்கு வியர்த்துவிட்டது. போனை எடுத்துக் கால்குலேட்டரில் கூட்ட ஆரம்பித்தார். கூட்டல் அப்பளக்கட்டு வரை வந்ததும், "கறிவேப்பிலை அந்தக் கடைசியில இருக்குங்க, நல்ல கொத்தா பாத்து எடுத்துட்டு வாங்க" என்றேன். போய் வருவதற்குள் முறுக்கு, அதிரசம், முந்திரி, வெள்ளைக் கடலை எல்லாம் ஏறிவிட்டன. போன் திரை அணைந்துவிட்டிருந்தது. எதுவரை கூட்டினோம் என்பது அவருக்கு மறந்துவிட்டது.

"தோராயமா எவ்வளவு ஆச்சுன்னாவது சொல்லேன்" என்றார், கெஞ்சலாக.

"ஒரு வண்டி ஆச்சுங்க" என்றேன்.